கேம்பர் ஏற்றப் போகிறீர்களா? டயருக்கு முன் எடைச் சீட்டு

அமெரிக்காவின் டென்வரில் நான் வேலை பார்க்கும் டயர் கடையில் மே மாதம் பிறந்துவிட்டால் இந்தக் கேள்வி தவறாமல் வரும்: "அண்ணா, பிக்கப்ல கேம்பர் ஏத்தப் போறேன். 18 இன்ச் ரிம் நல்லதா, 20 நல்லதா?" கேம்பர் என்றால் பிக்கப்பின் பின்பகுதியில் ஏற்றும், தங்கவும் சமைக்கவும் வசதியுள்ள சிறு அறை.

"பின் ஆக்சில்ல எடை எவ்வளவு வருது?" என்று, பின் சக்கர அச்சு சுமக்கும் எடையை நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. கேம்பர் வாங்கிய இடத்தில் கொடுத்த தாளை நீட்டுவார்கள். அது பெரும்பாலும் காலி கேம்பரின் எடை. தண்ணீர், கேஸ் சிலிண்டர், பாத்திரம் பண்டம் எதுவும் அதில் சேராது. 40 கேலன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினாலே 330 பவுண்டுக்கு மேல் கூடும். அரிசி மூட்டை, இட்லிக் குண்டான், நாலு பேருக்கு மடக்கு நாற்காலி என்று நம்மவர்கள் ஏற்றுவது தனிக் கணக்கு.

ஆகவே முதல் செலவு டயருக்கு அல்ல, எடைமேடைக்கு. நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய டிரக் ஸ்டாப்களில் 'கேட் ஸ்கேல்' என்ற பலகை இருக்கும். பயணத்துக்குப் போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, ஆட்களோடு, டீசல் நிரப்பி மேடையில் நிறுத்துங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் எடையைத் தனித்தனியாக அச்சடித்துத் தருவார்கள். அந்தச் சீட்டோடு வந்தால் மீதிப் பேச்சு சுலபம்.

அப்படிச் சீட்டோடு வந்த ஒரு தம்பியின் கணக்கைச் சொல்கிறேன். முக்கால் டன் பிக்கப் (அது ரகத்தின் பெயர்தான், உண்மையான சுமை அளவல்ல), அதன் பின்பக்கச் சாமான் தொட்டியில் உட்காரும் ஸ்லைடு-இன் கேம்பர். பின் ஆக்சில் எடை 6,680 பவுண்டு. ஓட்டுநர் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பின் ஆக்சிலுக்கு அனுமதித்த எடை 6,200. அவர் ஆசைப்பட்டது 35×12.50ஆர்20, அதாவது 35 இன்ச் உயரம், 12.5 இன்ச் அகலம், 20 இன்ச் ரிம். பார்வைக்கு யானைக் கால் மாதிரி இருக்கும். ஆனால் பக்கச் சுவரில் உள்ள எழுத்தைப் படித்தால், லோடு ரேஞ்ச் ஈ என்ற கனத்த சுமை வகையிலேயே 65 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் தாங்குவது 3,195 பவுண்டு. இரண்டும் சேர்த்து 6,390. அவர் ஏற்றியிருப்பதைவிடக் குறைவு.

அதே 20 இன்ச் ரிம்மில் எல்டி275/65ஆர்20 ('எல்டி' என்றால் லைட் டிரக் வகை), லோடு இண்டெக்ஸ் என்ற தாங்கு எடைக் குறியெண் 126 உள்ளது, 80 பிஎஸ்ஐயில் 3,750 தாங்கும். 18 இன்ச்சில் எல்டி275/70ஆர்18, இண்டெக்ஸ் 125 உள்ளது, 3,640 தாங்கும். இரண்டுமே அந்த 35ஐவிட உயரத்திலும் அகலத்திலும் சிறியவை, சுமப்பதில் பெரியவை. 18-ஆ 20-ஆ என்ற சண்டைக்கு என் பதில் இதுதான்: ரிம் அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பக்கச் சுவரில் உள்ள பவுண்டு எண்ணைப் பாருங்கள். இரண்டு எண் போட்டிருந்தால் பெரியது ஒற்றை டயருக்கு, சிறியது பின்னால் ஜோடி டயர் மாட்டுவதற்கு.

டயர் 7,500 தாங்கினாலும் அந்தத் தம்பியின் சிக்கல் தீரவில்லை. ஆக்சில் அனுமதி 6,200 தானே? டயர் மாற்றியதால் கதவு ஸ்டிக்கர் எண் உயராது. ஸ்பிரிங், பேரிங், பிரேக் எல்லாம் பழையவைதான். 480 பவுண்டு கூடுதல். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்து, முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்ளச் சொன்னேன். அதில் பெரும்பகுதி போயிற்று. மிச்சத்துக்குக் கேம்பர் சாமானைக் குறைக்க வேண்டியிருந்தது. முகம் சுருங்கியது, ஆனால் கேட்டுக்கொண்டார்.

இன்னொன்று, பின் ஆக்சில் எடையை இரண்டால் வகுத்துவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. கேம்பரில் ஃப்ரிட்ஜும் சமையல் மேடையும் ஒரு பக்கம் இருந்தால் அந்தப் பக்கத்து டயர் கூடச் சுமக்கும். ஆகவே டயரைச் சரிமட்டத்தில் வாங்காமல் கொஞ்சம் தாராளமாக வாங்குங்கள்.

அரை டன் பிக்கப் வைத்திருப்பவர்கள் அளவின் முன்னால் 'பி' எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அது கார் வகை டயர். அதை டிரக்கில் போட்டால், எழுதியிருக்கும் தாங்கு எடையை 1.1ஆல் வகுத்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். பக்கச் சுவரும் மெத்தென்று இருப்பதால் உயரமான கேம்பர் வளைவுகளில் ஆடும். டிரெய்லர் டயரான 'எஸ்டி' வகையை டிரக்கில் மாட்டவே கூடாது.

ரிம் விஷயத்தில் கடைகளே கோட்டைவிடுவதுண்டு. ரிம்முக்கும் தனியாகத் தாங்கு எடை உண்டு. பெரும்பாலும் உட்பக்கத்தில் பொறித்திருக்கும். அழகுக்காக விற்கும் ரிம் சிலவற்றில் அது டயரின் எண்ணைவிடக் குறைவு. அப்போது குறைந்ததுதான் கணக்கு. போல்ட் அமைப்பும் (போல்ட் எண்ணிக்கை × போல்ட் வட்டத்தின் விட்டம், மில்லிமீட்டரில்) கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஃபோர்டு சூப்பர் டியூட்டி 8×170, இப்போதைய செவி 2500 8×180, ராம் 2500 8×165.1. மூன்றிலும் எட்டுப் போல்ட்தான், ஆனால் ஒன்று இன்னொன்றில் ஏறாது.

காற்றடைக்கும் வால்வு எந்த வகை என்றும் கேட்டுப் பாருங்கள். ரிம்மில் அழுத்திச் செருகும் சாதாரண ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைக்குத்தான். 80 அடைக்கிற டயரில் அதை வைத்தால், வெயிலில் டயர் சூடேறி அழுத்தம் கூடும்போது அடிப்பாகம் புடைத்துக் கசிய ஆரம்பிக்கும். உயர் அழுத்த வால்வோ உலோக வால்வோ போடச் சொல்லுங்கள். சில டாலர் வித்தியாசம்.

உயரம் கூட்டினால் இஞ்சினுக்கும் அது தெரியும். உதாரணத்துக்கு, எல்டி245/75ஆர்17 டயரின் உயரம் ஏறக்குறைய 31.5 இன்ச். அங்கிருந்து 35க்குப் போனால் ஆக்சிலின் 3.73 கியர் விகிதம் ஏறத்தாழ 3.36 போல வேலை செய்யும். ஐ-70 நெடுஞ்சாலையில் மலைமேல் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தை நோக்கி, 11,000 அடிக்கு மேல் கேம்பரோடு ஏறும்போது டிரான்ஸ்மிஷன் திணறும். ஸ்பீடோமீட்டர் திருத்தாவிட்டால் 60 காட்டும்போது வண்டி 66க்கு மேல் போய்க்கொண்டிருக்கும். அந்தப் பாதையில் டாட்செரோ முதல் மாரிசன் வரை செப்டம்பர் 1 முதல் மே 31 வரை குளிர்காலச் சட்டம் உண்டு. டயர் பட்டன் (சாலையைப் பிடிக்கும் மேடு) ஆழம் 3/16 அங்குலமாவது இருக்க வேண்டும்.

காற்றைக் காலையில், வண்டி நகருமுன் அளந்து பாருங்கள். கதவு ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் அதில் எழுதிய டயர் அளவுக்கு மட்டும். அளவை மாற்றினால் டயர் நிறுவனத்தின் எடை-அழுத்த அட்டவணைதான் வழி. பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் உள்ள 'டாட்' (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு வருஷம் தாண்டியதைப் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கேம்பருக்குப் போடாதீர்கள் என்பது என் கருத்து.

ஸ்டெப்னியையும் அதே அளவில் வாங்கி வையுங்கள். பெரிய டயர் அடியில் உள்ள தாங்கியில் ஏறாமல் போகலாம். வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்துவிடுங்கள். புது ரிம் மாட்டியபின் 50 முதல் 100 மைல் ஓட்டிவிட்டு நட்டுகளை டார்க் ரெஞ்சால் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பானர்) மறுபடி இறுக்க வேண்டும். எங்கள் கடையில் அதற்குக் காசு வாங்குவதில்லை. வேறு கடையில் போட்டிருந்தாலும் வாருங்கள்.