பெயரைப் படிங்க, என்ன பணம்னு படிக்காதீங்க

தருமபுரிப் பக்கம் ஓர் ஊராட்சி. அரசுப் பணம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று ஊரையே வைத்துச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கைக்கான கிராம சபை. வேப்ப மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து, வாடகை மைக்செட் வைத்து, நூறு நாள் வேலையின் வருகைப் பதிவேட்டை வாசித்துக்கொண்டிருந்தோம். பெயர், அட்டை எண், எத்தனை நாள், எவ்வளவு கூலி. பொதுவாக இந்த நேரத்தில் யாரும் காது கொடுப்பதில்லை. டீ வந்துவிட்டதா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு பெயரைச் சொல்லிப் பன்னிரண்டு நாள் என்றதும் பின்னால் ஒருவர் எழுந்தார்.

"சார், அது எங்கப்பாரு. அவரு போயி ரெண்டு வருசம் ஆச்சு. நாந்தான் கொள்ளி வச்சேன்."

சபையே சிரித்தது. பணித்தளப் பொறுப்பாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்த வேலை நடந்த ஏரிக்கரையை டேப் பிடித்து அளந்திருந்தேன். செய்த வேலையின் அளவைக் குறித்து வைக்கும் எம்.புக்கையும் பதிவேட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டிருந்தேன். என் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே பட்டது. உயிரோடு இருப்பவர் யார், செத்தவர் யார் என்று பதிவேடு சொல்லாது, ஊர்தான் சொல்லும். (அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு யாரிடம் இருந்தது என்பது தனிக்கதை.)

அன்றைக்கே சாப்பாட்டு நேரத்தில் ஓர் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்துச் சுவரோரமாகக் கூப்பிட்டார். மதியம் உதவித்தொகைப் பட்டியல் படிக்கப் போகிறோம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "எம் பேரைப் படிங்க சார், வேணாங்கல. என்ன பணம்னு படிக்காதீங்க."

பட்டியலைப் புரட்டினேன். அவர் பெயர் இருந்த தாளின் தலைப்பு: கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் ஓய்வூதியம். ஊருக்குத் தெரியாத விஷயமா என்று கேட்கலாம். தெரியும்தான். ஆனால் நாலு பேருக்குத் தெரிந்திருப்பதும் அதையே மைக்கில் கேட்பதும் ஒன்றல்ல. மகளுக்கு அந்த மாதம் மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது.

அரசு உதவி பெறுபவர்களின் விவரம் ஊரறிய வேண்டுமா, கூடாதா என்று யாராவது கேட்டால் எனக்கு இந்த இருவரும் சேர்ந்தேதான் நினைவுக்கு வருகிறார்கள்.

வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற கோரிக்கை ஏழைகளிடமிருந்துதான் வந்தது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர்-விவசாயிகள் அமைப்பு தன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கூலிப் பதிவேட்டைச் சத்தமாகப் படித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி போயிருந்தது. 'நம் பணம், நம் கணக்கு' என்று அந்த மக்கள் எழுப்பிய முழக்கம், 2005-இல் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு ஒரு முக்கிய வேர். அந்தச் சட்டத்தின் பிரிவு 4(1)(பி)-யில் 12-ஆவது உட்பிரிவு, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலேயே அரசு வெளியிட வேண்டும் என்கிறது. அடுத்த உட்பிரிவு சலுகையும் உரிமமும் அனுமதியும் வாங்கியவர்களைப் பற்றியது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. ரேஷன் வாங்குபவர் பெயர் சுவரில் ஏறுகிறது, குவாரி அனுமதி வாங்கியவர் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

சுவர் என்றதும் இன்னொன்று. நூறு நாள் வேலையில் யாருக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி என்று ஊராட்சிக் கட்டடச் சுவரிலேயே எழுதி வைத்த மாநிலம் ராஜஸ்தான். அதே ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் 2017-இல், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ரேஷன் வாங்கும் வீடுகளின் சுவரில் 'நான் ஏழை, ரேஷன் வாங்குகிறேன்' என்ற பொருளில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். ஊராட்சிச் சுவரில் எழுதினால் திருடன் பயப்படுகிறான். வீட்டுச் சுவரில் எழுதினால் வாங்குகிறவர் கூனிக் குறுகுகிறார், சிலர் உரிமையே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள். இரண்டையும் 'வெளிப்படைத்தன்மை' என்ற ஒரே சொல்லால் அழைப்பதுதான் கொடுமை.

இணையம் வந்தபின் சிக்கல் வேறு மாதிரி ஆகிவிட்டது. அதே 2017-இல் ஜார்க்கண்டின் ஓய்வூதியத் தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முதியவர்களின் ஆதார் எண்கள் திறந்து கிடந்தன. நூறு நாள் வேலை, ஓய்வூதியத் தளங்கள் உட்பட நான்கு அரசுத் தளங்களில் மட்டும் 13 கோடிக்கு மேல் ஆதார் எண்கள் வெளியே தெரிந்திருக்கலாம் என்று சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற ஆய்வு அமைப்பு அந்த மே மாதம் கணக்கிட்டது. ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடக்கூடாது என்று 2016 ஆதார் சட்டத்தின் பிரிவு 29(4) சொல்லிக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. கிராம சபையில் படிப்பதை இருநூறு பேர் கேட்கிறார்கள். அந்த இருநூறு பேருக்கும் அவரை முன்பே தெரியும். இணையத்தில் போட்டால் எங்கோ உட்கார்ந்திருக்கும் முகம் தெரியாதவன் எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்கிறான்.

எங்கள் வட்டாரத்திலேயே ஏழு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்குப் போன் வந்தது. "அக்கா, முத்துலட்சுமி ரெட்டி பணம் உங்களுக்கு நிலுவையில இருக்கு. உங்க பிக்மி நம்பர் இதுதானே?" பிக்மி என்பது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது அரசு தரும் எண். நம்பர் சரி. கணவர் பெயர் சரி. அங்கன்வாடி எது என்பதும் சரி. இத்தனையும் சொல்பவன் அரசாங்க ஆளாகத்தானே இருப்பான்? ஓடிபி-யைச் சொல்லிவிட்டார். கணக்கில் இருந்தது எட்டாயிரத்துச் சொச்சம், பிரசவச் செலவுக்குச் சேர்த்தது. பட்டியல் எங்கிருந்து கசிந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இப்படி நடந்தால் அழுதுகொண்டிருக்காமல் அந்த நிமிடமே 1930-க்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

இப்போது இன்னொரு பக்கத்திலிருந்து ஆபத்து. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றிவிட்டது. 2025 நவம்பரில் அந்த மாற்றம் நடைமுறைக்கும் வந்துவிட்டது. முன்பெல்லாம் தனிப்பட்ட தகவலை மறுக்க, அதற்கும் பொதுக் காரியத்துக்கும் தொடர்பில்லை என்றோ, கொடுத்தால் ஒருவரின் அந்தரங்கத்தில் அநாவசியமாகத் தலையிடுவதாகும் என்றோ காட்ட வேண்டும். இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே போதும். பயனாளிப் பட்டியல் கேட்டால் "பிரைவசி சார்" என்று சொல்லும் அலுவலர்களை இனி நிறையப் பார்ப்போம். ஆதாரை நோட்டீஸ் போர்டில் ஒட்டியபோது யாருக்கும் வராத பிரைவசி, பதிவேட்டைக் கேட்டால் மட்டும் வந்துவிடும்.

கேட்பவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். தகவல் உரிமை மனுவில் 'பயனாளிகள் முழு விவரம்' என்று எழுதாதீர்கள். பெயர், கிராமம், எத்தனை நாள் அல்லது எந்தத் தவணை, எவ்வளவு தொகை என்று மட்டும் கேளுங்கள். ஆதார், கைபேசி, வங்கிக் கணக்கு எண்கள் தேவையில்லை, இருந்தால் பிரிவு 10-இன்படி மறைத்துவிட்டு மீதியைத் தாருங்கள் என்று நீங்களே எழுதிவிடுங்கள். மேலே சொன்ன 4(1)(பி) இன்னும் அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2)-உம் இருக்கிறது. இரண்டையும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்த மதியத்துக்கு வருகிறேன். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி, கைவிடப்பட்டவர் என்று தனித்தனியாக இருந்த தாள்களைக் கலந்து ஒரே அடுக்காக்கினேன். மேலே 'மாத உதவித்தொகை' என்று ஒரே தலைப்பு. பெயர், தெரு, தொகை, அவ்வளவுதான் படித்தோம். உயிரோடு இல்லாத இரண்டு பேரை அப்போதும் ஊர் சொல்லிவிட்டது. மேலதிகாரி ஒருவர் படிவத்தின்படி செய்யவில்லையே என்று பிறகு கேட்டார், எழுதிக் கொடுத்தேன்.

அந்த அம்மாவின் பெயர் வந்தது. தெருப் பெயர், ஆயிரத்து இருநூறு ரூபாய். மூன்றாவது வரிசையிலிருந்து கையைத் தூக்கி, "இருக்கேன் சார், மாசாமாசம் வருது" என்றார்.