ஆறு ஃபிரேம் பிந்திய உதடு

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கோயில் மண்டபத்துச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, படிவம் நான்கு மாணவர்கள் தாங்கள் எடுத்த பாடல் காணொளியைப் போட்டுக் காட்டினார்கள். நான்கு நிமிடப் பாட்டு. பால்மரம் சீவிய பாட்டிமார்களைப் பற்றி அவர்களே எழுதி, மெட்டமைத்து, குரலை முன்கூட்டியே பதிவு செய்து வைத்திருந்தார்கள். படப்பிடிப்பில் அந்தப் பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட, அவர்களில் ஒரு பையன் அதோடு சேர்ந்து பாடுவான். ஒலிப்பதிவு வேலை தெரிந்தவன் என்பதால் என்னையும் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

படம் முடிந்ததும் ஒரே கைத்தட்டல். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள். எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் வரும் பதில் அது. அதை வைத்து எந்தக் காட்சியையும் திருத்த முடியாது. அதனால் இன்னொரு முறை ஓடவிட்டு, மனசு ஒட்டாத இடம் வந்தால் மட்டும் கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டாவது சரணத்தில், பையன் திடலில் நின்று பாடும்போது, பாதி மண்டபம் கையைத் தூக்கியது.

காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். நடிப்புப் போதவில்லை என்றார் ஒருவர். சட்டை நிறம் எடுபடவில்லை என்றார் இன்னொருவர். முன்வரிசையில் இருந்த பாட்டி பையனைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்: "மத்த எடத்துல எல்லாம் நல்லாத்தான் பாடுற ஐயா. அந்தத் திடல்ல மட்டும் பொய் சொல்ற மாதிரி இருக்கு."

பையன் முகம் வாடிவிட்டது. எனக்கோ அந்த வார்த்தை பெரிய துப்பாகப் பட்டது. அன்றிரவே கணினியில் அந்தக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாக, அதாவது காணொளியில் அடுத்தடுத்து வரும் ஒவ்வொரு நிலைப்படமாக, நகர்த்திப் பார்த்தோம். சரணத்தில் "அம்மா" என்று ஒரு சொல் வருகிறது. ஒலியில் 'ம்' வந்துவிட்டது, பையனின் வாயோ இன்னும் 'அ'வுக்குத் திறந்தபடியே இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனோம். ஆறாவது ஃபிரேமில்தான் உதடுகள் ஒட்டின. விநாடிக்கு 30 ஃபிரேம் கணக்கில் எடுத்த படம். ஆறு ஃபிரேம் என்றால் 0.2 விநாடி.

அந்த 0.2 விநாடி எங்கிருந்து வந்தது? படப்பிடிப்பு நடந்த விதத்தை ஒரு தாளில் வரைந்து பார்த்ததும் விளங்கிவிட்டது. செம்பனை வரிசை பின்னால் நெருக்கமாகத் தெரிய வேண்டும் என்று கேமராவைத் திடலின் இந்தக் கோடியில் வைத்து, அந்தக் கோடியில் நின்ற பையனை ஜூம் செய்து எடுத்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியும் கேமரா பக்கத்திலேயே இருந்திருக்கிறது. பையனுக்கும் அதற்கும் 70 மீட்டர் இடைவெளி. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வெப்பத்தில், ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகும். 70ஐ 349ஆல் வகுத்தால் கிடைப்பது அதே 0.2 விநாடிதான். பாட்டு அவன் காதுக்குப் போய்ச் சேரவே அவ்வளவு நேரம். கேட்டதோடு சேர்ந்து அவன் மிகச் சரியாகத்தான் பாடியிருக்கிறான். அவன் உதடு அசைந்த காட்சி மட்டும் கண நேரத்தில் கேமராவுக்குத் திரும்பிவிட்டது, ஏனென்றால் ஒளிக்கு 70 மீட்டர் ஒரு தூரமே இல்லை. அப்புறம் எடிட்டிங்கில், கேமரா பதிந்த ஒலியோடு பாட்டைப் பொருத்தினார்கள். பாட்டு கேமராவுக்குச் சரியாக இருந்தது, பையனுக்கு முந்திக்கொண்டது.

முந்தியது என்பதுதான் இங்கே முக்கியம். ஒலி பிந்தினால் நாம் பொறுத்துக்கொள்வோம், முந்தினால் பொறுக்கவே மாட்டோம். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ஒளிபரப்புக்காக வெளியிட்ட பரிந்துரையில் இதற்குக் கணக்கே உண்டு. ஒலி படத்துக்கு 45 மில்லிவிநாடி முந்தினாலே பார்ப்பவர்கள் கண்டுபிடிக்கத் தொடங்குகிறார்கள். பிந்தினால் 125 மில்லிவிநாடி வரை தெரிவதில்லை. நம் பையன் காட்சியில் ஒலி 200 மில்லிவிநாடி, அதாவது அதே 0.2 விநாடி, முந்தியிருந்தது.

இந்தப் பாரபட்சம் நமக்குப் பழக்கத்தில் வந்தது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. தூரத்தில் செம்பனைக் குலையை வெட்டித் தள்ளுவார்கள். குலை தரையில் விழுவதைக் கண் பார்த்துவிடும், 'தொம்' என்ற சத்தம் அப்புறம்தான் வந்து சேரும். மின்னலும் இடியும் அப்படித்தான். சத்தம் முதலில் வந்து காட்சி பின்னால் வருவது இயற்கையில் கிடையாது. அதனால் ஒலி கொஞ்சம் பிந்தினால், தூரத்தில் நடக்கிறது என்று மூளை இரண்டையும் சேர்த்துக்கொள்ளும். முந்தினால் சேர்க்க வழி தெரியாமல் தடுமாறும்.

உதட்டை நாம் அவ்வளவு கவனிக்கிறோமா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. "இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்" என்று தொல்காப்பியம் சொல்கிறது. இரண்டு உதடும் ஒட்டாமல் 'ப'வும் 'ம'வும் பிறக்காது. இந்த எழுத்துகளைக் கண்ணாலேயே படித்துவிடலாம். 1976இல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு என்ற இரு உளவியலாளர்கள், 'பா' என்ற ஒலியை 'கா' சொல்லும் வாயசைவோடு இணைத்துக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலருக்குக் கேட்டது 'டா'. காதுக்கு வந்த ஒலியையே கண் மாற்றிவிடுகிறது. "அம்மா"வில் உதடு ஒட்டாமல் 'ம்' கேட்டால், மண்டபத்தில் இருந்தவர்களுக்கு உறுத்தாமல் இருக்குமா?

சரி, அப்படியானால் "ஒலி முந்துகிறது" என்று ஒருவர்கூட ஏன் சொல்லவில்லை? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பைரன் ரீவ்ஸ், டேவிட் வோல்க்கர் இருவரும் 1993இல் இதை ஆராய்ந்தார்கள். ஒலியும் படமும் பொருந்தாத காட்சிகளைப் பார்த்தவர்கள், அதில் பேசியவர்களைச் சுவையற்றவர்கள், பதற்றப்படுகிறவர்கள் என்று குறைத்து மதிப்பிட்டார்கள். கருவியின் பிழை திரையில் தெரிகிற மனிதரின் குணமாக மாறிவிடுகிறது. "பொய் சொல்ற மாதிரி" என்று பாட்டி சொன்னதும் அதுதான். நடிப்பு, சட்டை என்று சொன்னவர்களும் அதே உறுத்தலுக்குத்தான் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். பார்ப்பவர்கள் இடத்தைச் சரியாகக் காட்டிவிடுகிறார்கள், காரணத்தைத் தேடுவது எடுத்தவர்கள் வேலை. சட்டையை மாற்றி மறுபடி எடுத்திருந்தால் அதே 0.2 விநாடி அப்படியே திரும்ப வந்திருக்கும்.

திருத்தம் ஐந்து நிமிட வேலை. அந்தக் காட்சியின் படத்தை மட்டும் ஆறு ஃபிரேம் முன்னே இழுத்தார்கள். "அம்மா"வில் உதடு ஒட்டியது. பையன் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அடுத்த பாட்டுக்கு ஒலிபெருக்கியைப் பாடுகிறவன் காலடியிலேயே வைத்துவிடலாம் என்றார்கள். புளூடூத் வேண்டாம், ஒயர் போட்ட ஒலிபெருக்கி போதும் என்றேன். புளூடூத்தே சில நேரம் 0.2 விநாடி தாமதிக்கும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இப்போது உதடும் பாட்டும் அவனிடத்தில் ஒன்றாக நடக்கும், ஆனால் கேமராவின் மைக்குக்கு அந்தப் பாட்டு 70 மீட்டர் கடந்து பிந்தித்தான் வரும். மைக் பதிந்ததை நம்பிப் பொருத்தினால் இந்த முறை ஒலி பிந்திவிடும், அதுவும் 200 மில்லிவிநாடி. அதனால் ஒரு வழி சொல்லிக் கொடுத்தேன். பையன் பாட ஆரம்பிக்கும் முன், ஒலிபெருக்கியில் ஓடும் தாளத்தின் முதல் அடிக்குச் சரியாக ஒரு முறை கைதட்ட வேண்டும். எடிட்டிங்கில் சத்தம் கேட்கும் இடத்தைப் பார்க்கக்கூடாது. இரண்டு உள்ளங்கையும் ஒட்டுகிற ஃபிரேமைத் தேடி, பாட்டின் முதல் அடியை அதன்மேல் வைக்க வேண்டும்.

பையன் உடனே எழுந்து, மண்டபத்தின் மறுகோடிக்குப் போய்க் கைதட்டிக் காட்டினான். மற்றவர்கள் கைப்பேசியில் அதைப் படம்பிடித்து, உள்ளங்கை ஒட்டுகிற ஃபிரேமைத் தேட ஆரம்பித்தார்கள்.