எப்போதிலிருந்து இருக்கிறது?

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்கும் முன் வருபவர்களிடம் கேட்டு நான் ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். பெயர், வயது, எத்தனை குழந்தைகள், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ புற்றுநோய் இருந்ததா. இதெல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். ‘கட்டி முதலில் எப்போது கையில் பட்டது’ என்ற இடத்தில்தான் பேனா நின்றுவிடும்.

தேதி சொல்பவர்கள் குறைவு. “முந்திரி சீசன்ல”, “பெரியவளுக்கு வளைகாப்பு போட்டப்ப”, “மாசி மகத்துக்கு முன்னாடி.” புதுச்சேரியில் ஒரு ஸ்கேன் சென்டரில் 14 வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். கடலூர், பண்ருட்டி பக்கமிருந்தும் நிறையப் பேர் வருவார்கள். மாசி மகத்திலிருந்து விரல் விட்டு எண்ணினால் எட்டு மாதம் வரும். ஏன்க்கா இவ்வளவு நாள் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றேதான்: “வலிக்கவே இல்லையே சிஸ்டர்.”

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. மாதவிலக்குக்கு முன்னால் வரும் வலி அநேகமாக ஹார்மோன் வேலை. அதற்காகப் பதறி ஓடி வருபவர்களில் பலர் நிம்மதியாகத் திரும்பிப் போகிறார்கள். வலிக்காததை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நாள் கடத்துபவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

ஒரு அம்மாவின் விரல் நுனிகள் கறுத்திருந்தன. முந்திரி உடைக்கும் கை. “எந்தக் கொட்டை சொத்தைன்னு தொட்டாலே சொல்லிடுவேன். இதுவும் அப்பவே தெரிஞ்சுது” என்றார். மகளுக்குப் பிரசவம், பிறகு பேரனுக்கு மொட்டை, பிறகு மழை. என்னிடம் வந்தபோது காம்பு உள்ளே இழுத்திருந்தது, அக்குளிலும் ஒரு கட்டி.

அக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான பிங்க் ரிப்பன் போஸ்டர்களில் வட்டம் வட்டமாக அம்புக்குறி போட்டு மாதாமாதம் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். ஷாங்காயில் 2,66,000 பெண்களை வைத்து அந்த முறையைச் சோதித்தார்கள். அதனால் மார்பகப் புற்றுநோய் இறப்பு குறையவில்லை என்று 2002-ல் முடிவு வந்தது. அதற்காகத் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. அம்புக்குறியை மறந்துவிட்டு, குளிக்கும்போதும் ஜாக்கெட் போடும்போதும் உங்கள் உடம்பு வழக்கமாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள். புதிதாக ஒரு கட்டி, ஆரஞ்சுத் தோல் போல் குழிகள், காம்பில் ரத்தக் கசிவு, ஆறாத புண். இதில் எது வந்தாலும் அந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள்.

பயிற்சி பெற்ற கை தடவிப் பார்ப்பது வேறு. மும்பையில் டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனை மருத்துவர்கள் ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரைச் சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதிக்க வைத்தார்கள். 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2021-ல் முடிவை வெளியிட்டார்கள். 50 வயதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்திருந்தது. மெஷின் இல்லை, கை மட்டும்தான்! 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை உண்டு. சுகர், பிரஷர் பார்க்கப் போகும் அன்றே இதையும் கேளுங்கள்.

சரி, என் அறைக்கு வருவோம். அக்குளில் பவுடர் போடாமல் வாருங்கள். படத்தில் அது, மார்பகத்துக்குள் சில சமயம் படியும் சுண்ணாம்புத் துகள் மாதிரி தெரிந்து எங்களைக் குழப்பும். “தாலியைக் கழட்டணுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். வேண்டாம், முதுகுப் பக்கம் தள்ளிவிட்டால் போதும். ஒரு பக்கத்துக்கு இரண்டு என்று நான்கு படம், ஒவ்வொன்றுக்கும் சில நொடி அழுத்துவேன். வலிக்கத்தான் செய்யும், பொய் சொல்ல மாட்டேன். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் வந்தால் வலி குறைவு.

40 வயதுக்குக் கீழே பெரும்பாலும் அல்ட்ராசவுண்டுதான் முதலில். இளம் வயதில் மார்பகத் திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை. தயிர் சாதத்தில் உப்புக்கல்லைத் தேடும் கதை. அதனால் மேமோகிராம் ‘நார்மல்’ என்று வந்தும் கையில் கட்டி தட்டுப்பட்டால் விட்டுவிடாதீர்கள். அப்புறம், சோதனைக்காகக் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்ற பேச்சு. பரவாது. அந்தச் சதைத் துணுக்கைப் பார்க்காமல் எந்த டாக்டராலும் இது புற்றுநோய்தான் என்று உறுதி சொல்ல முடியாது.

போன வாரம் பண்ருட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். “நேத்து காலைல, குளிக்கும்போது” என்றார். ஃபாரத்தில் அந்த இடத்தில் நாள், மாதம், வருடம் மூன்றையும் எழுதி எவ்வளவு நாளாயிற்று! ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி. “அப்ப பஸ் காசு, ஸ்கேன் காசு எல்லாம் தண்டமா?” என்று அலுத்துக்கொண்டே முதுகுப் பக்கம் கிடந்த தாலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.