அமெரிக்கத் தேர்தலுக்குக் கடலூரிலிருந்து ஒரு டாலர்

திருப்பாதிரிப்புலியூரில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு விடியற்காலையில் ஒரு குறுஞ்செய்தி வருவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய கடன் அட்டையிலிருந்து ஒரு டாலர் போயிருக்கிறது. பெற்றுக்கொண்டது ஓர் அமெரிக்க வேட்பாளரின் தேர்தல் நிதிக் கணக்கு. அவருக்கு அமெரிக்காவில் ஓட்டும் இல்லை, ஒன்றுவிட்ட உறவும் இல்லை. நூறு ரூபாய்க்கும் குறைவான தொகைக்காக வங்கிக்கு யார் அலைவது என்று அவர் பேசாமல் இருந்துவிடக்கூடும். அட்டை எண்ணைத் திருடியவன் நம்பியிருப்பதும் அந்தச் சலிப்பைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒரு டாலர் திருடனின் கைக்குப் போகவே இல்லை. வேட்பாளரின் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. தனக்கு வராத பணத்தை ஒருவன் எதற்காகத் திருட வேண்டும்? பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் வியாபாரி, எழும் ஓசையை வைத்து உள்ளே சுளை பழுத்திருக்கிறதா என்று கணிக்கிறார். ஒரு டாலர் நன்கொடையும் அப்படி ஒரு தட்டுதான். திருடன் காது கொடுத்துக் கேட்பது வங்கியின் பதிலை.

அந்தப் பதில் எப்படி வருகிறது? நன்கொடைப் பக்கத்தில் எண்ணைத் தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தியதும், அந்தக் கோரிக்கை பணம் பெறுபவரின் வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்ட் போன்ற வலையமைப்பு ஆகியவற்றைக் கடந்து அட்டையை வழங்கிய வங்கியை அடைகிறது. அங்கிருந்து இரண்டு எழுத்துகளில் ஒரு குறியீடு திரும்பி வருகிறது. 00 என்றால் ஒப்புதல். 14 என்றால் அப்படி ஓர் அட்டை எண்ணே இல்லை. 54 என்றால் அட்டை காலாவதி. 51 என்றால் கணக்கில் போதிய பணமில்லை. போக வர ஓரிரு நொடிகள்தான். 51 கூடத் திருடனுக்கு நல்ல செய்திதான்: அட்டைக்கு உயிர் இருக்கிறது, தொகையைத்தான் குறைக்க வேண்டும். இந்தக் குறியீட்டைப் பக்கத்தில் அப்படியே காட்டாமல், எல்லா மறுப்புக்கும் ஒரே வாசகத்தைக் காட்டினாலே திருடனின் வேலை பாதி கெட்டுவிடும். பல தளங்கள் இன்னும் காரணத்தை விளக்கமாகச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. மரியாதை கூடிப்போனதால் வந்த வினை இது.

உயிருள்ள அட்டை எண்களைப் பிரித்தெடுத்த பிறகு, அவற்றை அதிக விலைக்கு விற்கலாம், அல்லது அவற்றைக் கொண்டு பெரிய பொருள்களை வாங்கலாம். சோதிக்காத எண்களின் மூட்டைக்குச் சந்தையில் அவ்வளவு மதிப்பில்லை. எத்தனை செத்தவை, எத்தனை உயிருள்ளவை என்று வாங்குபவனுக்குத் தெரியாது அல்லவா?

எண்ணைத் திருடக்கூட வேண்டியதில்லை, கணக்குப் போட்டே உருவாக்கலாம். பதினாறு இலக்கங்களில் முதல் ஆறோ எட்டோ வழங்கிய வங்கியைக் குறிக்கும். கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை அது. கடைசி இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, அதற்கு முந்தையதில் தொடங்கி இடப்பக்கமாக ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களை இரட்டிக்க வேண்டும். பத்தோ அதற்கு மேலோ வந்தால் அதன் இரு இலக்கங்களையும் கூட்டிக்கொள்ள வேண்டும். இரட்டிக்காதவற்றையும் சேர்த்த மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட்டால் எண் சரி. மென்பொருள் எழுதுபவர்கள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணைத் தாளில் போட்டுப் பாருங்கள், 30 வரும்.

ஒரு பயணச்சீட்டு முகவர் தவறாக ஓர் இலக்கத்தை அடித்தால் உடனே தெரியட்டும் என்பதற்குத்தான் இந்த ஏற்பாடு பயன்படும். திருட்டைத் தடுக்க அல்ல. கண்ணை மூடிக்கொண்டு எழுதும் எண்களிலும் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். வங்கியைக் குறிக்கும் எட்டு இலக்கங்களும் தெரிந்துவிட்டால் சரிபார்ப்பு எண் போக மிச்சம் ஏழு, அதாவது ஒரு கோடி எண்கள். மனிதனுக்குத்தான் அது மலை.

காலாவதி மாதத்தையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் என்ன செய்வது? இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் இதற்குக் கலக்கமூட்டும் விடை கண்டார்கள். அட்டை பெரும்பாலும் ஐந்தாண்டுக்குள் காலாவதியாகும், ஆகவே அறுபது ஊகங்கள் போதும். மூன்று இலக்கத்துக்கு ஆயிரம் ஊகங்கள். ஒரே தளத்தில் முயன்றால் மாட்டிக்கொள்ளலாம், நூற்றுக்கணக்கான தளங்களில் பிரித்து முயன்றால்? சில நொடிகளில் முழு விவரமும் கிடைத்துவிடுகிறது என்று அவர்கள் காட்டினார்கள். வெவ்வேறு தளங்களில் நடந்த முயற்சிகளை அப்போது விசா வலையமைப்பு சேர்த்துப் பார்க்கவில்லை. மாஸ்டர்கார்ட் பத்து முயற்சிகளுக்குள் கண்டுகொண்டது.

இத்தனை கடைகள் இருக்கத் தேர்தல் நன்கொடைப் பக்கம் எதற்கு? தொகையைத் தருபவரே நிரப்பிக்கொள்ளலாம். பொருள் எதுவும் அனுப்புவதில்லை, ஆகவே விலாசம் பொய்யாக இருந்தாலும் யாருக்கும் உறைக்காது. வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதம் முடிந்த இரவில் ஆயிரக்கணக்கானோர் ஐந்தும் பத்துமாக அனுப்புவது இயல்பு. அந்த வெள்ளத்தில் திருடனின் தட்டல்களும் கலந்துவிடும். சட்டமும் ஒரு காரணம். ஒருவர் தரும் மொத்தத் தொகை 200 டாலரைத் தாண்டாதவரை அவருடைய பெயரை அமெரிக்கத் தேர்தல் ஆணையத்திடம் தனியாகப் பட்டியலிட வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, ஆதரவாளர் மனம் மாறுவதற்குள் பணம் வந்துவிட வேண்டும் என்ற அவசரம் பிரச்சாரக் குழுவுக்கு. கூடுதலாக ஒரு கேள்வி கேட்டாலே சிலர் பாதியில் எழுந்து போய்விடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள். தொண்டு நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். திருட்டு அட்டைகளைச் சோதிக்க நன்கொடைகள் பயன்படுவதை கணினிப் பாதுகாப்பு நிறுவனமான சிமான்டெக்கார் 2007-லேயே சுட்டிக்காட்டினார்கள்.

பெயராவது சரிபார்க்கப்படுமே என்று தோன்றும். அட்டை ஒப்புதல் கோரிக்கையில் பெயர் வழக்கமாக ஒப்பிடப்படுவதில்லை. 2008-இல் ஒபாமாவின் பிரச்சாரக் கணக்குகளில் ‘டூடாட் புரோ’ என்று ஒரு நன்கொடையாளர் சிறு சிறு தொகைகளாக, அப்போதைய வரம்பான 2,300 டாலரைத் தாண்டிக் கொடுத்திருந்தது செய்தியானது. அது திருட்டு அட்டையா என்பது வேறு கேள்வி. எந்தப் பெயரையும் எழுதலாம் என்பது மட்டும் அம்பலமானது. அமெரிக்காவில் விலாசச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டு. அதுவும் கதவு எண்ணையும் அஞ்சல் குறியீட்டையும்தான் ஒப்பிடும், விரும்பாத தளம் அதைக் கண்டுகொள்ளாமல் விடலாம். நம் வங்கிகளின் அட்டைகளுக்கு அந்த ஏற்பாடு பொதுவாகப் பொருந்தாது.

நமக்குத்தான் ஓ.டி.பி. இருக்கிறதே என்பீர்கள். 2009 ஆகஸ்டு முதல் உள்நாட்டு இணையப் பரிவர்த்தனைக்கு இரண்டாவது சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஆனால் அந்த விதி கடல் தாண்டிய தளங்களைக் கட்டுப்படுத்தாததால், பல வெளிநாட்டுத் தளங்களில் ஓ.டி.பி. இல்லாமலே பணம் போனது. 2020-இல் வந்த விதிப்படி, புதிதாக வழங்கும் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். வேண்டுமானால் நாமே திறந்துகொள்ள வேண்டும். புதுச்சேரியில் அப்படித் திறந்த அட்டைகளுக்குப் பஞ்சமிருக்காது. பாரிஸில் உறவினர், பிரெஞ்சுக் கல்லூரிக்கு விண்ணப்பக் கட்டணம் என்று ஏதாவது ஒரு காரணம். திறந்தவர்களில் எத்தனை பேர் காரியம் முடிந்ததும் மூடினார்கள் என்று கேட்டால், என் வீட்டிலேயே பதில் சொல்ல ஆள் கிடைக்காது.

ஆக, அந்த ஆசிரியர் செய்ய வேண்டியது பணத்தைத் திரும்பக் கேட்பது மட்டுமல்ல, அட்டையை உடனே முடக்குவது. ஒரு டாலர் போய்விட்டது, அடுத்து வருவது ஒரு டாலராக இருக்காது. ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளருடையதும் அல்ல வங்கியுடையதும் அல்ல என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு ஏதுமில்லை. வங்கி பத்து வேலை நாள்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். நான்காம் நாள் முதல் இழப்பில் ஒரு பங்கு அவர் தலையில் விழக்கூடும். இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம். வீடு கடலூரில், வங்கிக் கிளை புதுச்சேரியில் என்று இருப்பவர்கள் எல்லையிலுள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று குழம்பத் தேவையில்லை, இரண்டுக்கும் அதே எண்தான். அமெரிக்கப் பிரச்சாரக் குழுவுக்கும் அந்தப் பணத்தால் லாபமில்லை. அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவரிடம் நன்கொடை வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆசிரியரின் புகாரை ஏற்று வங்கி பணத்தைத் திரும்பக் கேட்டால் ஒரு டாலரைத் திருப்பித் தருவதோடு, அதைவிடப் பன்மடங்கு கட்டணத்தையும் அந்தக் குழு கட்ட வேண்டியிருக்கும்.