பி.வ. (முஸ்லிம்) 3.5 சதவீதம்: சான்றிதழில் எந்தச் சொல் இருக்க வேண்டும்?

பள்ளி மாற்றுச் சான்றிதழில் சமயம், சாதி என்று இரண்டு இடங்கள் இருக்கும். பல முஸ்லிம் மாணவர்களின் டி.சி.யில் இரண்டிலுமே 'இஸ்லாம்' என்றுதான் எழுதியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அதை யாரும் கவனிப்பதில்லை. கலந்தாய்வுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கும்போது வி.ஏ.ஓ. கேட்பார்: "இஸ்லாம் சரி, அதில் நீங்கள் யார்? லப்பையா, ராவுத்தரா, தக்காணியா?" இந்தக் கேள்வி பலரைப் புண்படுத்துகிறது. ஆனால் சட்டமே இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட வகுப்பு (முஸ்லிம்), சுருக்கமாகப் பி.வ. (முஸ்லிம்), என்ற பிரிவுக்கு உள்ள 3.5 சதவீதம் மதத்துக்குத் தந்த ஒதுக்கீடு அல்ல. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவை என்று அரசு பட்டியலிட்ட ஏழு முஸ்லிம் பிரிவுகளுக்கானது. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்பவை அந்த ஏழு. லப்பை என்பதற்குள் ராவுத்தரும் மரைக்காயரும் அடக்கம், வீட்டில் பேசுவது தமிழானாலும் உருதுவானாலும். இந்தப் பட்டியலில் பெயர் இல்லாத பிரிவைச் சேர்ந்தவர் முஸ்லிமாக இருந்தாலும் தமிழக அரசின் கணக்கில் பொதுப் பிரிவுதான்.

ஏன் இப்படி? சென்னை மாகாணத்தில் 1920களிலேயே வகுப்புவாரி அரசாணை வந்தது. பன்னிரண்டு பணியிடங்களில் ஐந்து பிராமணரல்லாத இந்துக்களுக்கு, இரண்டு பிராமணர்களுக்கு, இரண்டு முஸ்லிம்களுக்கு என்று பங்கிட்டது. அங்கே முஸ்லிம் என்ற அடையாளமே போதுமானதாக இருந்தது. குடியரசான பிறகு, 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த முறையைச் செல்லாது என்றது. மதம், சாதி ஆகியவற்றை மட்டுமே வைத்துக் கல்லூரியில் இடத்தை மறுக்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு முதல் அரசமைப்புத் திருத்தம் 15(4) என்ற பிரிவைச் சேர்த்தது. பின்தங்கிய வகுப்பினருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்யலாம் என்கிறது அது. அன்றிலிருந்து கேள்வி 'எந்த மதம்' என்பதல்ல, 'பின்தங்கியவர்களா' என்பதே. 1992இல், மத்திய அரசின் 27 சதவீத ஒதுக்கீட்டை உச்ச நீதிமன்றம் ஏற்ற மண்டல் வழக்குத் தீர்ப்பும் இந்துக்கள் அல்லாத பின்தங்கிய பிரிவினரை ஒதுக்கீட்டிலிருந்து விலக்கவில்லை.

தேர்தல் மேடைகளில் 'முஸ்லிம்களுக்கு மத அடிப்படையில் ஒதுக்கீடு' என்று பேசப்படும்போது இந்த வேறுபாடு காணாமல் போகிறது. ஆந்திரத்தின் 4 சதவீதச் சட்டம் 2010இல் உயர் நீதிமன்றத்தில் அடிபட்டு, உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தொடர்ந்தது. கர்நாடகத்தின் 4 சதவீதத்தை 2023 மார்ச்சில் அன்றைய மாநில அரசு நீக்கியதும் நீதிமன்றம் போனது. பின்தங்கிய நிலையை எப்படி ஆய்ந்து முடிவு செய்தார்கள் என்பதே அங்கெல்லாம் முக்கிய வழக்கு. தமிழ்நாட்டில் இந்தப் பிரிவுகள் ஏற்கெனவே பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தவை. புதிதாக யாரையும் சேர்க்காமல், அவர்களுக்கென உள் ஒதுக்கீடு மட்டும் பிரித்துத் தரப்பட்டது. இந்த ஏற்பாடு உறுதியாக நிற்க அதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

2007 செப்டம்பர் 15 முதல் இது நடைமுறை. பிற்படுத்தப்பட்டோருக்கு இருந்த 30 சதவீதத்திலிருந்து 3.5 சதவீதம் முஸ்லிம்களுக்கும் 3.5 சதவீதம் கிறிஸ்தவர்களுக்கும் பிரிக்கப்பட்டது. தனி ஒதுக்கீட்டைவிடப் பொதுவான பி.வ. தொகுப்பிலேயே கூடுதல் இடம் கிடைக்கிறது என்று கண்ட கிறிஸ்தவர்கள் அதை வேண்டாம் என்றனர். 2008இல் அவர்கள் பழைய பிரிவுக்கே திரும்பினர். இப்போதைய கணக்கு: பி.வ. 26.5, பி.வ. (முஸ்லிம்) 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 18 (அதற்குள் அருந்ததியர் 3), பழங்குடியினர் 1. ஆக 69.

அரசு வேலையில் இது 200 இடங்கள் கொண்ட இனச்சுழற்சியாக, அதாவது எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று வரிசைப்படுத்திய பட்டியலாக, ஓடுகிறது. 200க்கு 7 பி.வ. (முஸ்லிம்), 62 பொது. இங்கே இரண்டு விஷயங்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, ஐந்தாறு காலியிடம் மட்டும் உள்ள அறிவிப்பில் முஸ்லிம் சுழற்சியே வராமல் போகலாம். அது புறக்கணிப்பு அல்ல. சுழற்சி விட்ட இடத்திலிருந்து அடுத்த அறிவிப்பில் தொடரும். இரண்டு, நல்ல மதிப்பெண் பெற்ற முஸ்லிம் விண்ணப்பதாரர் பொதுப் பிரிவின் 62இல் தேர்வானால் அது அந்த 7இல் கழியாது. '3.5க்கு மேல் கிடைக்காது' என்று சொல்லிப் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பி.வ. 26.5இல் முஸ்லிம் போட்டியிட முடியாது. அந்தக் கதவு 2007இல் மூடப்பட்டுவிட்டது.

சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முதல்முறை என்றால் முதலில் கேன் எண் (விண்ணப்பதாரருக்கான பதிவு எண்) எடுப்பார்கள். ஆதார், குடும்ப அட்டை, டி.சி., புகைப்படம் ஆகியவற்றோடு அப்பா அல்லது அம்மாவின் சாதிச் சான்றிதழைக் கொண்டு போங்கள். இந்தக் கடைசித் தாள்தான் பாதி வேலையை முடிக்கும். அது இல்லாவிட்டால் உடன்பிறந்தவரின் சான்றிதழையாவது தேடி எடுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாகத் துணை வட்டாட்சியரிடம் போகும். முடிவு குறுஞ்செய்தியில் வரும். நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படித்து, அந்தக் குறையை மட்டும் சரிசெய்து மறுபடி விண்ணப்பியுங்கள். காரணம் தவறென்று பட்டால் வட்டாட்சியரிடமோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ எழுத்தில் மனு கொடுங்கள்.

அச்சிட்டு வாங்கியதும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பிரிவின் பெயர் 'லப்பை' போல் பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டும். வகுப்பு 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு (முஸ்லிம்)' என்று இருக்க வேண்டும், வெறும் 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' என்றல்ல. 2007க்கு முன் வாங்கிய பழைய சான்றிதழ்களில் இந்தக் குறை உண்டு. அவற்றை வைத்திருப்பவர்கள் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது. திருமணமான பெண்கள் தந்தை பெயரில் உள்ள சான்றிதழைத்தான் தர வேண்டும். கணவர் பெயரில் வாங்கியதை அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையம் ஏற்காது.

மதம் மாறியவர்களின் நிலை சிக்கலானது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். இஸ்லாத்துக்கு மாறிய தலித் அந்த உரிமையை இழக்கிறார். மாறியவர் பி.வ. (முஸ்லிம்) உரிமையைக் கேட்க முடியாது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. 2024 மார்ச்சில் தமிழக அரசு, பி.வ., மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர், பட்டியல் சாதியிலிருந்து மாறியவர்களை பி.வ. (முஸ்லிம்) ஆகக் கருத அரசாணை வெளியிட்டது. இப்படி விண்ணப்பிப்பவர்கள் மதம் மாறியதற்கான ஆவணம், அரசிதழ் பெயர் மாற்ற அறிவிப்பு, பழைய சாதிச் சான்றிதழ் மூன்றையும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.

மத்திய அரசு வேலை, ஐ.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் எதிலும் இந்த 3.5 கிடையாது. அங்கே உள்ளது இதர பிற்படுத்தப்பட்டோருக்கான (ஓ.பி.சி.) 27 சதவீதம் மட்டும். அதற்குத் தனிப் பட்டியல், தனிச் சான்றிதழ். மாநிலத்தில் இல்லாத வருமான வரம்பும் அங்கே உண்டு. ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் என்ற அந்த வரம்பில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இந்த ஒரு விவரம் தெரியாமல், தகுதி இருந்தும் பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். சிறுபான்மைக் கல்வி நிறுவனங்களிலும் அரசின் 69 சதவீதம் பொருந்தாது. அங்கே சேர்க்கை விதியைக் கல்லூரியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.