எபியூசியோஸ்: ஒரே ஜெபத்தில் வாழும் சொல்

இயேசு கற்பித்த ஜெபத்தில் “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்” என்று சீர்திருத்தச் சபையார் ஜெபிக்கிறார்கள். கத்தோலிக்கர் வாயில் அது “அனுதின உணவு”. வேண்டியதா, அனுதினமா? இரண்டுக்கும் மூலம் ‘எபியூசியோஸ்’ என்ற ஒரே கிரேக்கச் சொல். மத்தேயு 6:11, லூக்கா 11:3, ‘திதாகே’ என்னும் பழைய சபை நூல் ஆகிய மூன்றிலும் இதே ஜெபத்தில்தான் அது வருகிறது. அறிஞர் எழுத்திலும் இல்லை, மக்கள் பேச்சிலும் இல்லை, நற்செய்தியாளர்களே ஆக்கிய சொல் போலிருக்கிறது என்று 3-ஆம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதிவிட்டார்.

நடுவில் ஒரு நம்பிக்கை பிறந்தது. எகிப்தின் ஹவாராவில் கிடைத்த பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடு ஒன்றில், வீட்டுச் செலவுக் கணக்குக்கு நடுவே இந்தச் சொல்லின் முன்பாதி இருப்பதாக சேஸ் என்ற அறிஞர் படித்தார். ‘அன்றாடப் படி’ என்ற பொருளுக்கு அகராதிகள் அதையே சான்று காட்டின. பிறகு ஏடு காணாமல் போயிற்று. 1998-இல் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் அது அகப்பட்டபோது எழுத்துகளை மறுபடி பார்த்தார்கள். அங்கே இருந்தது ‘எலாயூ’, அதாவது எண்ணெய்!

ஆக, சொல்லைப் பிரித்துப் பார்ப்பதுதான் வழி. ‘எபி’ என்ற முன்னொட்டோடு ‘ஊசியா’ (இருப்பு, உள்பொருள்) சேர்ந்தது என்பது ஒரு கட்சி. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வேதத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த ஜெரோம் இப்படிப் பிரித்துத்தான் மத்தேயுவில் ‘பொருள் கடந்த அப்பம்’ என லத்தீனில் பெயர்த்தார். லூக்காவிலோ ‘அன்றாட’ என்றே விட்டுவிட்டார். இந்தப் பிரிப்பில் புணர்ச்சி இடிக்கிறது. வீடு + இது ‘வீடிது’ ஆகும்போது உகரம் ஓடுவதுபோல, கிரேக்கத்தில் உயிர் முன் ‘எபி’யின் இகரம் பெரும்பாலும் மறையும், அப்போது ‘எபூசியோஸ்’ என்றல்லவா வரவேண்டும்? விலக்குகள் உண்டு என்றாலும் அவை குறைவு.

‘வருதல்’ என்னும் வினையிலிருந்து பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை. ‘எபி’யின் இகரம் போனாலும் வினையின் இகரம் அங்கே நிற்கும். அப்போஸ்தலர் 16:11-இல் பவுல் “மறுநாளிலே” நெயாப்போலிக்குப் போனார் என்ற இடத்தில் உள்ள ‘எபியூசே’ இந்த வினையில் பிறந்ததுதான். வேதாகமத்தில் சேராத ‘எபிரெயர் நற்செய்தி’ என்னும் பழைய நூலில் இந்த இடத்தில் ‘மஹார்’, அதாவது நாளை, என்றிருந்ததை ஜெரோமே குறித்திருக்கிறார். ‘நாளைக்கான உணவு’ என்ற இந்தப் பக்கமே என் மனம் சாய்கிறது.

“நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள்” என்று அதே அதிகாரம் சொல்கிறதே எனக் கேட்கலாம். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டக் கூலியாட்கள் மாலையில்தான் கூலி வாங்குகிறார்கள். அந்தி சாய்ந்தபின் கைக்கு வரும் தெனாரியம் என்னும் ஒரு வெள்ளிக்காசு, பெரும்பாலும் மறுநாள் அடுப்புக்கானது. ஆக, நாளைய உணவை இன்று கேட்பது நாளைக்காகக் கவலைப்படுவது ஆகாது.