மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பும் கல்லூரி மாணவர்களின் சருமமும்

தருமபுரியில் தோல் மருத்துவராகப் பணிபுரியும் என்னிடம் வருகிற கல்லூரி மாணவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு குறைகள்தான் இருக்கும்: ஒன்று முகப்பரு, மற்றொன்று படர்தாமரை. முறையாகக் கவனித்தால் இரண்டுமே குணமாகக்கூடியவை. ஆனால் அவர்களில் கணிசமானோர் மாதக்கணக்கில் எதையோ பூசி, அந்தப் பூச்சு உண்டாக்கிய இன்னொரு நோயையும் சேர்த்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஆகவே எதைப் பூச வேண்டும் என்பதற்கு முன், எதைப் பூசக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"முகத்துக்கு என்னம்மா போடுறே?" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லைங்க டாக்டர், சும்மா ஃபேர்னஸ் க்ரீம்தான்" என்று பதில் வரும். பையிலிருந்து எடுத்துக் காட்டச் சொன்னால், அடிவரை சுருட்டிப் பிதுக்கிய ஒரு டியூப் வெளியே வரும். அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஹைட்ரோகுயினோன், டிரெட்டினாயின், மோமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் இருக்கும். மங்கு என்று நாம் சொல்லும் கரும்படலத்துக்கு, சில வாரங்களுக்கு மட்டும், இரவில் மட்டும், கண்காணிப்போடு நாங்கள் எழுதிக் கொடுக்கிற மருந்து அது. அழகுக்குப் பூசுகிற க்ரீம் அன்று.

இந்தக் கலவையில் உள்ள மோமெட்டசோன் என்பது ஸ்டீராய்டு, அதாவது தோலின் சிவப்பையும் வீக்கத்தையும் அமுக்கும் மருந்து. அது முதல் சில நாட்களில் பருவை அமுக்கி முகத்தை வெளுப்பாகக் காட்டும். அதைப் பார்த்து விடுதி அறைத்தோழியும் அதே டியூபை வாங்குவாள். ஓரிரு மாதங்களில் தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு ரத்தக்குழாய் இழைகள் தெரிந்து, பூனைமுடி அடர்ந்து, ஒரே அளவிலான சிறு பருக்கள் முகமெங்கும் கிளம்பும். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் பேருந்தில் வருகிற மாணவிகள், இறங்கி நடக்கும் சிறு தொலைவுக்குக்கூட வெயில் தாங்காமல் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே நுழைவதைப் பார்த்தாலே எனக்குப் பாதி விவரம் புரிந்துவிடும். பயந்துபோய் நிறுத்தினால் சில நாட்களில் முகம் சிவந்து எரியும், பூசினால் அடங்கும். அதனாலேயே நிறுத்த முடியாமல் தொடர்கிறார்கள். இந்த நிலைக்கு வந்தவர்கள் தாங்களாக முடிவெடுக்காமல் மருத்துவரிடம் வர வேண்டும். எரிச்சலைத் தணிக்கும் மாற்று மருந்தோடு அதிலிருந்து வெளியே கொண்டுவர முடியும், ஆனால் அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

ஸ்டீராய்டு தன்னளவில் கெட்ட மருந்தன்று. கரப்பான் (எக்ஸிமா) என்ற தோல் நோய்க்கு நானே அன்றாடம் எழுதுகிறேன். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃபுளுவோசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று டியூபில் இருந்தால், அதை மருத்துவர் சொல்லாமல் முகத்தில் வைக்கக் கூடாது என்பதே நான் சொல்வது. 2018-இல் மத்திய அரசு இத்தகைய களிம்புகள் பலவற்றை, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணையில் சேர்த்தது. ஆயினும் கேட்டால் கொடுக்கிற கடைகள் இருக்கவே செய்கின்றன.

படர்தாமரையிலும் இதே கதைதான், இடம்தான் வேறு. இறுக்கமான ஜீன்ஸ், விடுதி அறைக்குள்ளேயே கயிறு கட்டி உலர்த்திய ஈர உள்ளாடை, இரண்டு பேருக்கு ஒரே துண்டு ஆகியவை போதும், தொடை இடுக்கில் வட்டம் போடத் தொடங்கிவிடும். கூச்சத்தால் யாரிடமும் காட்டாமல், பூஞ்சைக்கும் கிருமிக்கும் அரிப்புக்கும் சேர்த்து ஸ்டீராய்டு கலந்து வரும் களிம்பைக் கடையில் வாங்குகிறார்கள். இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும்; பூஞ்சையோ எதிர்ப்பில்லாமல் உள்ளுக்குள் பரவும். வட்டத்தின் விளிம்பு அழிந்துபோவதால், பிறகு பார்க்கிற மருத்துவருக்கே அடையாளம் காண்பது கடினமாகிறது. பூஞ்சைக்கொல்லி மட்டுமே உள்ள களிம்பை, தெரிகிற விளிம்பைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை பூசி, தடம் மறைந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தொடர வேண்டும். துணியை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். நம் மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்? அறையில் வேறு யாருக்கேனும் அரிப்பு இருந்தால் அவரையும் கூடவே அழைத்து வாருங்கள், இல்லாவிட்டால் அவரிடமிருந்து திரும்ப வரும்.

முகப்பருவுக்கு வருவோம். இந்த வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரப்பதும், மயிர்த்துளைகள் அடைபடுவதும்தான் அடிப்படைக் காரணம். முகத்தை நாளுக்கு ஆறு முறை கழுவாதது காரணமன்று. இரண்டு முறை கழுவினால் போதும். தலைக்கு வைத்த எண்ணெய் நெற்றியில் வழிய விடாதீர்கள். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா மூன்றும் சமையலறையிலும் குளியலறையிலும் இருக்கட்டும். லேசான பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு (துண்டில் பட்டால் சாயம் போகும்), அல்லது இரவில் ஒரு பட்டாணி அளவு 0.1 சதவீத அடாபலீன் என்று மருத்துவர் எழுதிக் கொடுப்பார். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். முதல் இரண்டு வாரம் தோல் உரிந்து எரிவதைக் கண்டு பலர் விட்டுவிடுகிறார்கள்; ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் பழகிவிடும். கர்ப்பமாக இருப்பவர்கள் அடாபலீன் பூசக் கூடாது.

தண்ணீரைப் பற்றிப் பெற்றோர் தவறாமல் கேட்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதும் உண்மை. ஆனால் அது பல்லையும் எலும்பையும் பாதிக்கும் விஷயம், பருவை உண்டாக்குவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மைதான் தோலை வறட்டுகிறது. சோப்பு சரியாக நுரைக்காமல் படிந்து நிற்கும். காரம் மிகுந்த சோப்புக்குப் பதிலாக மென்மையான முகக் கழுவியைப் பயன்படுத்தி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் பூசினால் சரியாகும்.

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: மாம்பழப் பருவத்தில் தோப்பில் காய் பறித்துவிட்டு, உதட்டோரத்திலும் விரல்களிலும் கருத்த புண்ணோடு வருபவர்கள் உண்டு. காம்பிலிருந்து வடியும் பால் பட்டதால் வருவது அது. பால் பட்ட உடனே சோப்பு போட்டுக் கழுவினால் போதும். படர்தாமரைக் களிம்பு தேவையில்லை.

வெளியே செல்பவர்கள் எஸ்பிஎஃப் (வெயில் தடுப்பு அளவு) 30 உள்ள சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளம் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். பிறந்த நிறத்தை மாற்ற அன்று, வெயிலால் பரு கருத்தழும்பாகத் தங்கிவிடாமல் இருக்கத்தான்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இவற்றுக்கெல்லாம் கட்டணமின்றிச் சிகிச்சை உண்டு. எங்கே சென்றாலும், இதுவரை பூசிய டியூப்களை, காலியாகிவிட்டாலும் தூக்கி எறியாமல், ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். டியூபை எடுத்துச் செல்ல முடியாவிட்டால், அதன் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக் காட்டினாலும் போதும்.